நீலகிரியிலிருந்து நிதிப் பொருளியல் பேராசிரியர் வேலைக்கு: மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் பொருளாதாரம் எடுக்கச் சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி "அதைப் படித்தால் பேங்க் வேலை கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். ஆனால் அதே படிப்பு கொண்டுபோய்ச் சேர்க்கும் இன்னொரு வேலை இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல நம் மலையில் ஆள் குறைவு. நிதிப் பொருளியலில் ஆய்வு செய்து, பல்கலைக்கழகத்திலோ மேலாண்மைக் கல்லூரியிலோ பேராசிரியராக இருக்கும் வேலை அது. பிளஸ் டூவிலிருந்து எண்ணினால் பத்துப் பன்னிரண்டு வருடம் பிடிக்கும். நீளமான பாதைதான். எந்தக் கட்டத்தில் எது முக்கியம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு வீணாகும் வருடங்கள் குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை என்ன?

எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்வது இவர்கள் வேலை இல்லை. ஒருவர் கையிலுள்ள பணம் இன்னொருவர் கைக்கு என்ன விலையில், எதை நம்பிப் போகிறது, அந்த நம்பிக்கை எப்போது உடைகிறது என்று ஆராய்வதே வேலை. வங்கி ஒருவருக்குக் கடன் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு ஏன் மறுக்கிறது? ஒரு செய்தி வந்ததும் விலை எவ்வளவு வேகமாக மாறுகிறது? ஒரு கம்பெனி கடன் வாங்குவதா, பங்கு வெளியிடுவதா? நம் குடும்பங்கள் ஏன் இவ்வளவு சேமிப்பைத் தங்கமாக வைத்திருக்கின்றன? 2013-இல் பொருளியல் நோபல் பெற்ற ஃபாமா, ஹேன்சன், ஷில்லர் மூவரும் சொத்துகளின் விலையை ஆராய்ந்தவர்கள். 2022-இல் பெற்ற பெர்னான்கே, டயமண்ட், டிப்விக் மூவரும் வங்கிகளையும் நிதி நெருக்கடிகளையும் ஆராய்ந்தவர்கள்.

இந்த ஆய்வாளர்கள் பொருளியல் துறைகளிலும் இருக்கிறார்கள், பிசினஸ் ஸ்கூல்களின் நிதித் துறைகளிலும் இருக்கிறார்கள். இந்த இரட்டை நிலைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஹாரி மார்க்கோவிட்ஸ் முதலீட்டை எப்படிப் பிரித்து வைப்பது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பித்தபோது, கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மில்டன் ஃப்ரீட்மேன் இது பொருளியலே ஆகாது என்று வாதாடினார். பட்டம் கிடைத்தது. 1990-இல் அதே ஆய்வுக்காக நோபலும் கிடைத்தது. உங்களுக்கு இதனால் ஆகும் காரியம் இதுதான்: பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கலாம். நிதித் துறைகள் வருடத்துக்கு மூன்று நான்கு பேரைத்தான் எடுக்கும். பொருளியல் துறைகள் அதைவிட நிறைய எடுக்கும். பிற்பாடு வரும் சம்பளம் பொதுவாக நிதித் துறையில் கூடுதல்.

முதல் படி: கணிதம்

இதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஆங்கிலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் கணிதம்தான்.

பிஎச்.டி.யின் முதல் வருடப் பாடங்கள் கிட்டத்தட்ட கணித வகுப்பு மாதிரியே நடக்கும். நேரியல் இயற்கணிதம், பல மாறிகள் கொண்ட நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல், மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) ஆகிய ஐந்தும் கைவசம் இல்லாமல் உள்ளே போகிறவர் முதல் வருடக் கடைசியில் வரும் தகுதித் தேர்வில் திணறுவார். நம் கல்லூரிகளின் பி.ஏ. பொருளாதாரப் பாடத்திட்டத்தில் இவற்றில் பாதிகூட ஆழமாக வருவதில்லை.

ஆகவே பதினொன்றாம் வகுப்பில் முடிந்தால் கணிதம் உள்ள குரூப். வணிகக் கணிதத்தோடு காமர்ஸ் எடுத்தவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் கல்லூரியில் ஈடுகட்ட வேண்டியது அதிகம். பட்டப்படிப்பில் என் யோசனை கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றலாம்: பி.எஸ்சி. கணிதம் அல்லது புள்ளியியல் படித்துவிட்டு, எம்.ஏ.வில் பொருளியலுக்கு வாருங்கள். கணிதம் படித்தவர் பொருளியலைப் பிடித்துக்கொள்வது, பொருளியல் மட்டும் படித்தவர் கணிதத்தைப் பிடித்துக்கொள்வதைவிட எளிது. ரகுராம் ராஜன் டெல்லி ஐஐடியில் இன்ஜினியரிங் படித்தவர். பிறகு அகமதாபாத் ஐஐஎம், அதன் பின் 1991-இல் எம்ஐடியில் பிஎச்.டி. ரிசர்வ் வங்கி ஆளுநராக வந்தது அதற்கெல்லாம் ரொம்ப வருடம் கழித்து.

படிப்புக்காக மலையை விட்டுக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் 1955 முதல் நடக்கும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தும் இதைத் தொடங்கலாம். பி.ஏ. பொருளாதாரம்தான் கிடைத்தது என்றால், கணிதத் துறை ஆசிரியரிடம் போய், "சார், பகுப்பாய்வு வகுப்பில் நானும் உட்காரலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். என்பிடெல், ஸ்வயம் தளங்களில் ஐஐடி ஆசிரியர்களின் கணிதப் பாடங்களும், பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் எக்கனாமெட்ரிக்ஸ் பாடங்களும் இலவசம். வீடியோ பார்ப்பது மட்டும் போதாது. ஒரு தேற்றத்தின் நிரூபணத்தைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் அது இன்னும் புரியவில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்வழியில் படித்தது குறை இல்லை. ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்பதால், வாரம் ஒரு பக்கம் எதையாவது எழுதி யாரிடமாவது திருத்தம் வாங்குங்கள். மூன்று வருடத்தில் வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் படி: எம்.ஏ.

எங்கே எம்.ஏ. படிக்கிறீர்கள் என்பது மீதிப் பாதையைப் பெரிதும் தீர்மானிக்கும். சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. அங்கே நிதிப் பொருளியலுக்கென்றே தனி எம்.ஏ. உண்டு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அப்படியொன்று இருக்கிறது. மும்பையில் ரிசர்வ் வங்கி 1987-இல் தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஆகியவை ஆய்வுக்குப் போகிறவர்கள் குறிவைக்கும் இடங்கள். புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வில் காலையில் கணிதம், மதியம் பொருளியல். பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்திலேயே அந்தத் தாள்களை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி வேலைக்குப் பிற்பாடு போகும் எண்ணம் இருந்தால், எம்.ஏ. சேரும் முன்பே அந்தப் பட்டம் எம்.ஏ. பொருளாதாரத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று விசாரியுங்கள். 'நிதிப் பொருளியல்', 'பயன்பாட்டுப் பொருளியல்' என்று பெயர் மாறிய பட்டங்களோடு வந்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சேர்ந்த பிறகு தெரிந்தால் அலைச்சல்.

மூன்றாம் படி: ஒரு கேள்வியைப் பிடிப்பது

மலையில் வளர்ந்த பிள்ளைக்கு உண்மையான அனுகூலம் இருக்கும் இடம் இது. குன்னூரில் வாராவாரம் தேயிலை ஏலம் நடக்கிறது. 1963 முதல் நடக்கும் ஏலம். குரல் கொடுத்து எடுத்த காலம் போய் இப்போது கணினியில் நடக்கிறது. ஏல விலையை அடிப்படையாக வைத்துத் தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு ஒரு விலையை அறிவிக்கிறது. அந்த விலை சிறு விவசாயியின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது?

விவசாயியிடம் பசுந்தேயிலையை வாங்கித் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் லீஃப் ஏஜெண்ட் வைத்திருக்கும் நோட்டைப் பாருங்கள். ஒரு விவசாயிக்கு ஒரு பக்கம். தேதி, கொடுத்த கிலோ, ஈரத்துக்குக் கழித்த கிலோ, மிச்சம். பக்கத்தின் அடியில் 'முன்பணம்' என்று ஒரு வரி. ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு வாங்கிய தொகை, மாதாமாதம் கொழுந்துக் கணக்கில் கழிந்துகொண்டே வரும். வட்டி என்ற சொல் எந்த வரியிலும் இருக்காது. அப்படியானால் அந்தக் கடனுக்கு வட்டியே இல்லையா, அல்லது கிலோவுக்குக் குறைத்துக் கொடுக்கும் விலையிலும் ஈரத்துக்குக் கழிக்கும் எடையிலும் அது ஒளிந்திருக்கிறதா? இது நல்ல ஆய்வுக் கேள்வி. கடனும் கொள்முதலும் ஒரே ஆளிடம் பின்னிக்கிடப்பதைப் பற்றிப் பொருளியலில் பெரிய இலக்கியமே இருக்கிறது.

இனி பதில் தேடுவது. முன்பணம் வாங்கியவருக்குக் கிடைத்த விலையையும், வாங்காதவருக்குக் கிடைத்த விலையையும் ஒப்பிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. முன்பணம் வாங்குகிறவர் தோட்டம் சின்னதாக இருக்கலாம், ரோட்டிலிருந்து தள்ளி இருக்கலாம், வீட்டில் நோயாளி இருக்கலாம். விலை குறைந்தது முன்பணத்தாலா, இவற்றாலா என்று பிரிக்க முடியாது. ஆகவே விவசாயியின் நிலைமைக்குச் சம்பந்தமில்லாமல், கடன் கிடைப்பதை மட்டும் மாற்றிய ஏதோ ஒன்றைத் தேட வேண்டும். ஒரு கிராமத்தில் கூட்டுறவுத் தொழிற்சாலை புதிதாகக் கொழுந்து எடுக்கத் தொடங்கியது, அடுத்த கிராமத்தில் தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரிலும் முன்னும் பின்னும் நிலைமை எப்படி மாறியது என்று ஒப்பிடலாம். "சரி, ஆனால் அந்த ஊரை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று உங்களுக்கு உடனே கேட்கத் தோன்றினால், இந்த வேலைக்கு வேண்டிய புத்தி உங்களிடம் இருக்கிறது. ஒரு கட்டுரையின் பெரும்பகுதி உழைப்பு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போகும்.

தேயிலையை விட்டுப் பார்த்தாலும் நகைக் கடன், சீட்டு, மகளிர் குழுக் கடன் என்று விஷயம் நிறைய. 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது கடனோடு நின்ற குடும்பங்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். தரவுக்கு முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்துங்கள்: ரிசர்வ் வங்கியின் இந்தியப் பொருளாதாரத் தரவுத்தளம், தேயிலை வாரியத்தின் ஏல விவரங்கள், தேசிய மாதிரி ஆய்வின் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பு. கம்பெனிகளின் கணக்குக்கு சிஎம்ஐஇ நிறுவனத்தின் புரோவெஸ் வேண்டும். அது சந்தா கட்டிய நிறுவனங்களில்தான் கிடைக்கும். தரவை அலசப் பயன்படும் கணினி மொழிகளான ஆர், பைத்தான் இரண்டும் இலவசம், ஒன்றையாவது எம்.ஏ.வுக்குள் கற்றுவிடுங்கள்.

நான்காம் படி: ஆய்வு உதவியாளர் வேலையும் கடிதங்களும்

பிஎச்.டி. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்குச் சமமான கனம் மூன்று பரிந்துரைக் கடிதங்களுக்கு உண்டு. "ஒழுக்கமான மாணவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார்" என்று எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. உங்களோடு ஆய்வில் வேலை செய்த ஒருவர், நீங்கள் ஒரு சிக்கலை எப்படி அவிழ்த்தீர்கள் என்று எழுத வேண்டும். அதனால்தான் எம்.ஏ. முடித்தவர்கள் இப்போது ஒன்றிரண்டு வருடம் முழுநேர ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டுப் போகிறார்கள். ஐஐஎம்கள், ஹைதராபாத்தின் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்), ரிசர்வ் வங்கி அமைத்த காஃப்ரல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் இந்த வேலைகள் வருகின்றன. சென்னையில் ஜே-பால் தெற்காசிய அமைப்பும், க்ரியா பல்கலைக்கழகத்தின் லீட் அமைப்பும் களஆய்வு நடத்துகின்றன. தமிழில் சரளமாகக் கேள்வி கேட்டு, கிராமத்தில் நம்பிக்கை பெறத் தெரிந்த ஆளுக்கு அங்கே மதிப்பு உண்டு. சம்பளமும் வரும் என்பதால் வீட்டுக்கும் ஒரு ஆறுதல்.

ஐந்தாம் படி: பிஎச்.டி.

இந்தியாவிலேயே செய்வதென்றால் முதலில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. ஜூன், டிசம்பர் என்று வருடம் இருமுறை. மூன்று மணி நேரம், இரண்டு தாள், மொத்தம் 300 மதிப்பெண். மேல்மட்டத்தில் தேறியவர்களுக்கு ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், பிறகு சீனியர் நிலையில் 42,000. ஜேஆர்எஃப் வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருடம் தளர்வு. பழங்குடி, ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தனித் தேசிய ஃபெல்லோஷிப்புகளும், வெளிநாட்டுப் படிப்புக்கான மத்திய அரசு உதவித்தொகையும் இருக்கின்றன. தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. ஐஐஎம்களில் நிதித் துறை பிஎச்.டி.க்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாதத் தொகையும் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் என்றால் ஐந்து, ஆறு வருடம். நல்ல பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணத்தைத் தள்ளி, வாழ்க்கைச் செலவுக்கும் தொகை கொடுக்கும். கையிலிருந்து பணம் கட்டிப் பிஎச்.டி. படிக்கச் சொல்லும் இடம் எதுவானாலும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில், முழு மதிப்பெண்ணான 170-ஐ ஒட்டி வாங்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு 100 டாலரை ஒட்டிச் செலவாகும், ஆனால் கட்டண விலக்கு கேட்டால் பல இடங்களில் தருவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் மாதம். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாத நேரம். பர்லியாறு ரோட்டில் மண் சரிந்தால் கரண்ட்டும் நெட்வொர்க்கும் எத்தனை நாளில் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். நெட், ஜிஆர்இ மாதிரித் தேர்வுகளுக்குக் கோயம்புத்தூரில் மையம் கிடைத்தால், முதல் நாளே கீழே போய்த் தங்கிவிடுவது நல்லது.

உள்ளே போன பிறகு முதல் வருடம் நுண்பொருளியல், பேரினப் பொருளியல், எக்கனாமெட்ரிக்ஸ். இரண்டாம் வருடம் சொத்து விலை, நிறுவன நிதி, வங்கியியல், குடும்பங்களின் நிதி, சந்தைகள் உள்ளுக்குள் இயங்கும் விதம் என்று துறைப் பாடங்கள். மூன்றாம் வருடம்தான் கடினம். வகுப்பு முடிந்திருக்கும், தேர்வு முடிந்திருக்கும், அடுத்து என்ன என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இங்கே சோர்ந்து நிற்கிறவர்கள் அதிகம். வாராவாரம் வழிகாட்டியைச் சந்திக்க ஒரு நேரத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்ட ஒன்றும் இல்லாத வாரமும் போய் உட்காருங்கள்.

கருத்தரங்கு முறைக்கும் பழக வேண்டும். ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்த நமக்கு அது முதலில் அதிர்ச்சிதான். பேசுகிறவர் இரண்டாம் ஸ்லைடுக்குப் போவதற்குள் ஒருவர் கையைத் தூக்குவார். "இது கடனால் வந்த விளைவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" பதில் முடிவதற்குள் அடுத்தவர் ஆரம்பிப்பார். கோபமோ அவமரியாதையோ கிடையாது. கட்டுரையை அக்கறையாகப் படிப்பதன் அடையாளம் அது. நீங்களும் மாதம் ஒருமுறையாவது கை தூக்கிக் கேளுங்கள்.

ஆறாம் படி: வேலைச் சந்தை

இந்தத் துறைக்கென்று வருடாவருடம் ஒரு சுற்று உண்டு. கடைசி வருடம் ஆகஸ்டிலிருந்து அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் வேலைப் பட்டியலில் இடங்கள் வரத் தொடங்கும். உங்கள் சிறந்த ஆய்வு ஒன்று 'ஜாப் மார்க்கெட் பேப்பர்' என்ற பெயரில் அக்டோபருக்குள் தயாராக இருக்க வேண்டும். நூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பிப்பது சாதாரணம். டிசம்பர், ஜனவரியில் முதல் நேர்காணல். 2020-க்குப் பிறகு இது பெரும்பாலும் வீடியோ வழியாகத்தான். அதில் தேறியவர்களை நேரில் அழைத்து, ஒரு நாள் முழுக்க ஆளாளுக்குப் பேசி, ஒன்றரை மணி நேரம் ஆய்வுரையும் கேட்பார்கள். இந்திய ஐஐஎம்களும் ஐஎஸ்பியும் இதே சந்தையில் ஆள் தேடுகின்றன.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி வேலை வேறு வழி. முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்லையென்றால் யுஜிசி விதிப்படி பெற்ற பிஎச்.டி. வேண்டும். தேர்வு ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம். மத்திய நிறுவனங்களில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஐஐடி, ஐஐஎம்களில் 1,01,500. அரசுக் கல்லூரிகளில் புது நியமனம் வர நாளாகிறது, அதற்குள் கௌரவ விரிவுரையாளராகப் பல வருடம் கழித்தவர்கள் நிறையப் பேர். இதையே மட்டும் நம்பி இருக்காமல், மற்ற விண்ணப்பங்களையும் போட்டுக்கொண்டே இருங்கள்.

வேலை கிடைத்த பிறகு

அமெரிக்காவில் ஆறேழு வருடத்துக்குள் போதுமான ஆய்வு வெளியிட்டால்தான் பதவி நிரந்தரம். இந்தியாவிலும் நல்ல நிறுவனங்கள் இதழ்களின் தரத்தைப் பார்க்கின்றன. நிதியியலில் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ், ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ், ரிவ்யூ ஆஃப் ஃபைனான்ஷியல் ஸ்டடீஸ் மூன்றும் உச்சம். வருகிற கட்டுரைகளில் பத்தில் ஒன்றைக்கூட அவை ஏற்பதில்லை. மறுப்புக் கடிதத்தோடு மதிப்பீட்டாளர்களின் குறிப்பும் வரும். இரண்டு நாள் அதைத் தள்ளி வையுங்கள். பிறகு வரிவரியாகப் படித்துத் திருத்தி, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். முதல் வரைவிலிருந்து அச்சுக்கு நான்கைந்து வருடம் ஆவது சகஜம்.

அந்த இடைவெளியில்தான் போலி இதழ்கள் மின்னஞ்சலில் வரும்: பணம் கட்டினால் உடனே வெளியீடு என்று. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான இதழ்கள் என்று வைத்திருந்த கேர் இதழ்ப் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால், இனி தரம் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பெயரை அவரவர் பல்கலைக்கழகத் தளத்தில் தேடிப் பாருங்கள், அந்த இதழில் வந்த இரண்டு கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். அனுப்பிய ஒரு வாரத்தில், திருத்தம் ஒன்றும் சொல்லாமல், ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்றைக்கே எழுதிவிட்டு, அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.